அழிக்க முடியாத பேரேடும் யுனிக்ஸ் கொடிகளும்

காமர்ஸ் வகுப்பில் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு விதி காதில் விழுந்துவிடும். பேரேட்டில் தப்பாக எழுதிவிட்டால் ரப்பர் எடுத்து அழிக்கக் கூடாது. ஒயிட்னர் தடவக் கூடாது. தாளைக் கிழிக்கவே கூடாது. தப்பு அப்படியே இருக்கட்டும். அதற்குக் கீழே ஒரு திருத்தப் பதிவு போடு, தேதி போடு, ஏன் என்று ஒரு வரி எழுது. நூறு ரூபாயை ஆயிரமாக எழுதியவன் அந்த அவமானத்தோடு நிதியாண்டு முடியும் வரை வாழ வேண்டியதுதான் :-)

இதே விதியைக் கணினிக்குள் ஒரே ஒரு பிட்டாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரர்கள். 'இந்தக் கோப்பின் கடைசியில் சேர்த்துக்கொள், முன்னால் இருப்பதைத் தொடாதே' என்பதுதான் அந்தப் பிட்டின் அர்த்தம். 1993-இல் வெளிவந்த 4.4 பிஎஸ்டி இயங்குதளத்தில் வந்தது. இன்றைக்கு ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, ஆப்பிளின் மேக் எல்லாவற்றிலும் இருக்கிறது. லினக்ஸில் வேறு பெயரில் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அறிமுகப் பாடங்கள் பெரும்பாலும் சிஎச்மாட் கட்டளையோடு நின்றுவிடுகின்றன. கோப்புக் கொடிகள் என்று ஒரு சமாச்சாரம் இருப்பதே தெரியாமல் லினக்ஸில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டுகிறவர்கள் உண்டு. இது பெரிய தப்பு. ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் சிஎச்மாட். படிக்க, எழுத, இயக்க என்று மூன்று அனுமதி. உரிமையாளர், குழு, மற்றவர் என்று மூன்று பேர். மும்மூன்று ஒன்பது பிட். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த அழகில் இரண்டு ஓட்டை.

முதல் ஓட்டை பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். ஒரு கோப்புக்கு 444 என்று அனுமதி கொடுத்தாயிற்று, யாரும் எழுத முடியாது, உரிமையாளரும்கூட. சரி, அதை அழிக்க முடியுமா? முடியும்! ஆர்எம் கட்டளை ஒருமுறை 'நிஜமாகவா?' என்று கேட்கும், 'ஒய்' தட்டினால் போயே போச்சு. -எஃப் சேர்த்தால் அந்தக் கேள்வியும் கிடையாது. காரணம், யுனிக்ஸில் அழிப்பது என்பது கோப்பின் மேல் நடக்கும் காரியமே அல்ல. அடைவு என்பது பெயர்ப் பட்டியல். அந்தப் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடிப்பதுதான் அழிப்பது. ஆகவே பட்டியலில் எழுத அனுமதி இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்பார்கள். இரும்புப் பெட்டிக்கு நாலு பூட்டுப் போட்டுவிட்டு, பெட்டியையே தூக்கிக்கொண்டு போகிறவனைப் பார்த்துக் கையசைப்பது மாதிரி.

இரண்டாவது ஓட்டை எல்லோருக்கும் தெரிந்தது. ரூட். அந்த ஒன்பது பிட்டும் ரூட்டைப் படிக்கவோ எழுதவோ விடாமல் தடுப்பதில்லை. ஊருக்கெல்லாம் சட்டம், ஜமீன்தாருக்குக் கிடையாது.

இந்த இரண்டையும் அடைக்கத்தான் கொடிகள். பிஎஸ்டி, மேக் இரண்டிலும் கட்டளையின் பெயர் சிஎச்ஃபிளாக்ஸ். 'சேஞ்ச் ஃபிளாக்ஸ்' என்பதன் சுருக்கம் (யுனிக்ஸ்காரர்களுக்கு உயிரெழுத்து என்றால் ஏனோ ஆகாது). 'சிஎச்ஃபிளாக்ஸ் யூசிஎச்ஜி' என்று அடித்து, பக்கத்தில் கோப்பின் பெயரைக் கொடுத்தால் அந்தக் கோப்பு கல்லாகிவிடும். எழுத முடியாது, அழிக்க முடியாது, பெயர் மாற்ற முடியாது. எடுக்க வேண்டுமானால் கொடியின் பெயருக்கு முன்னால் 'நோ' சேர்க்க வேண்டும்: நோயூசிஎச்ஜி. கொடி ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஃப்ரீபிஎஸ்டியில் 'எல்எஸ் -எல்ஓ'. மேக்கில் அந்த ஓ பெரிய எழுத்து. சின்ன ஓ போட்டுவிட்டு 'ஒன்றையும் காணோமே' என்று தலையைச் சொறிய வேண்டாம்.

கொடி ஏறிய கோப்பை அழிக்கப் போனால் வரும் பிழைச் செய்தியைக் கவனிக்க வேண்டும். சிஎச்மாட் தடுத்தால் 'உனக்கு அனுமதி இல்லை' என்கிற மாதிரி வரும். கொடி தடுத்தால் 'இந்தச் செயல் அனுமதிக்கப்படவில்லை' என்று வரும். ஒரே மாதிரி தெரியும், ஆனால் ரெண்டும் வேறு வேறு. முன்னது ஆளைப் பார்த்துச் சொல்வது. ஆள் மாறினால் வழி திறக்கும். பின்னது காரியத்தைப் பார்த்துச் சொல்வது. யார் வந்தாலும், கொடி இருக்கும்வரை, நடக்காது. சூடோ போட்டும் ஒரு கோப்பு அழியவில்லை என்று குழம்பி நிற்பவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தைப் படித்திருந்தால் அரை நாள் மிச்சம்.

சேர்க்க மட்டும் விடும் கொடிக்குப் பெயர் யூஅப்பெண்ட். ஷெல்லில் இரட்டை அம்புக்குறி போட்டு ஒரு வரி சேர்த்தால் ஏற்றுக்கொள்ளும். ஒற்றை அம்புக்குறி போட்டு மேலே எழுதப் பார்த்தால் மறுத்துவிடும். விஐ எடிட்டரில் திறந்து நடுவில் ஒரு எழுத்தை மாற்றிச் சேமிக்கப் பார்த்தாலும் மறுத்துவிடும். அதுதான் பேரேடு! இதையே ஓர் அடைவுக்குக் கொடுத்தால் உள்ளே புதுக் கோப்புகள் போடலாம், ஏற்கெனவே இருப்பதை எடுக்க முடியாது. மாதா மாதம் வவுச்சர்களை ஸ்கேன் செய்து போடுகிற அடைவுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. ஒரு பொறியும் இருக்கிறது. அடைவுக்கு மட்டும் கொடி கொடுத்தால் பட்டியல்தான் காக்கப்படும். உள்ளே இருக்கும் கோப்புகளின் உள்ளடக்கத்தை மாற்றுவதற்குத் தடையே இல்லை. கோப்புகளுக்கும் தனித்தனியாகக் கொடி ஏற்ற வேண்டும்.

இப்போது கொடியின் பெயரில் முதலில் நிற்கும் அந்த 'யூ' என்ற எழுத்துக்கு வரலாம், மொத்த விஷயமும் அதில்தான் இருக்கிறது. யூ என்றால் யூசர், பயனர். பயனரே போட்டு, பயனரே எடுக்கிற கொடி. இதற்கு ஜோடியாக 'எஸ்' என்று தொடங்கும் கொடிகள் இருக்கின்றன: எஸ்சிஎச்ஜி, எஸ்அப்பெண்ட். இவற்றை ரூட் மட்டும்தான் போட முடியும். கொடிகளெல்லாம் உட்கார்ந்திருப்பது 32 பிட் கொண்ட ஓர் எண்ணில். கீழ்ப் பாதி 16 பிட் கோப்பின் சொந்தக்காரருக்கு, மேல் பாதி 16 பிட் ரூட்டுக்கு. பாகப்பிரிவினை மாதிரி, வீட்டுக்கு நடுவில் சுவர்.

'ரூட்டே போட்டு ரூட்டே எடுக்கிற பூட்டு எதற்கு?' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. பெர்க்லிக்காரர்கள் அதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள்: செக்யூர்லெவல், பாதுகாப்பு நிலை. கர்னலுக்குள் இருக்கும் ஓர் எண் அது. ரூட் அதை ஏற்றலாம், எந்த நிரலும் இறக்க முடியாது. எண் 1 அல்லது அதற்கு மேல் போய்விட்டால் எஸ் கொடிகளை யாராலும் எடுக்க முடியாது, ரூட்டாலும் முடியாது. கர்னலுக்குள் புது மாட்யூல் ஏற்ற முடியாது. மவுண்ட் ஆன டிஸ்க்கை நேரடியாகத் திறந்து பிட் பிட்டாகத் திருத்தலாம் என்றால் அந்த வாசலும் மூடியிருக்கும். எண் இறங்க வேண்டுமானால் இயந்திரத்தை மறுபடி தொடங்க வேண்டும். அதாவது யாரோ ஒருவர் எழுந்து நடந்து அந்த இயந்திரத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்து ரூட் கடவுச்சொல்லைத் திருடினவனால் அது முடியாது.

ஒரு ராஜா தன் கையைத் தானே கட்டிக்கொண்டு, சாவியை வாசலுக்கு வெளியே வீசிவிடுகிற ஏற்பாடு. யுனிக்ஸ் உலகத்தின் நல்ல யோசனைகளைப் பட்டியல் போடுகிறவர்கள் பைப்பைச் சொல்வார்கள், ஃபோர்க்கைச் சொல்வார்கள். இதைச் சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டும்.

இதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்றால், அதே பெர்க்லியில் நடந்த ஒரு கதை இருக்கிறது. கம்ப்யூட்டர்காரர்கள் திருடன் போலீஸ் கதையாகச் சொல்வார்கள். காமர்ஸ்காரர்களுக்கு அது கணக்குக் கதை. 1986 ஆகஸ்டில், பல்கலைக்கழகத்துக்கு மேலே மலையில் இருக்கும் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், கிளிஃபோர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தார். முதல் வேலை: கணினி நேரத்துக்கான கணக்கில் 75 சென்ட் இடிக்கிறது, என்னவென்று பார். இரண்டு கணக்கு நிரல்களின் கூட்டுத்தொகை ஒத்துப்போகவில்லை. முக்கால் டாலர்தானே என்று 'இதரச் செலவு' தலைப்பில் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம் (தள்ளாத கணக்கர் யார்?). அவர் தள்ளவில்லை. தோண்டினார். பில் அனுப்ப முகவரி இல்லாத ஒரு பயனர் கணக்கு கிடைத்தது. அதன் பின்னால் வெளியாள் ஒருவன். அவன் எமாக்ஸ் மென்பொருளோடு வந்த ஒரு துணை நிரலில் இருந்த ஓட்டையைப் பிடித்து ரூட் ஆகியிருந்தான்.

இங்கே ஸ்டோல் செய்ததைப் பார்க்க வேண்டும். வந்தவன் ரூட். கணினிக்குள் எந்தக் கண்காணிப்பு நிரலை வைத்தாலும் அவன் பார்ப்பான், எந்தப் பதிவுக் கோப்பை எழுதினாலும் அவன் திருத்துவான். ஆகவே அவர் கணினிக்குள் எதையும் வைக்கவில்லை. ஒரு வார இறுதியில் ஆய்வகத்தில் கிடைத்த டெலிபிரிண்டர்களையும் முனையங்களையும் இரவல் வாங்கி, வெளியிலிருந்து வரும் ஐம்பது இணைப்புகளில் மாட்டிவிட்டார். வந்தவன் அடித்த ஒவ்வொரு எழுத்தும் காகிதத்தில் விழுந்தது. ரூட்டாக இருந்தாலும் காகிதத்தில் விழுந்த மையை எப்படி அழிப்பான்? கடைசியில் தடம் ஜெர்மனியின் ஹானோவர் நகரம் வரை போனது. ராணுவத் தகவல் தேடிச் சோவியத் உளவுத்துறைக்கு விற்ற கூட்டம் அது. 75 சென்டில் ஆரம்பித்த கதை!

அந்த டெலிபிரிண்டர் செய்த வேலையைத்தான் எஸ்அப்பெண்ட் கொடியும் செக்யூர்லெவலும் சேர்ந்து, காகிதம் இல்லாமல், செய்யப் பார்க்கின்றன. வந்தவன் ரூட் ஆன பிறகும் பதிவுக் கோப்பின் கடைசியில் அவன் தடம் விழுந்துகொண்டே இருக்கும். பழைய வரியை அவனால் அழிக்க முடியாது.

லினக்ஸ் பக்கம் வந்தால் கொஞ்சம் கோபம் வருவதைத் தவிர்க்க முடியாது. அங்கே கட்டளை சிஎச்ஆட்டர், பார்க்க எல்எஸ்ஆட்டர். இஎக்ஸ்டி2 கோப்பு முறையோடு ரெமி கார்ட் எழுதிக் கொடுத்தது. 'சிஎச்ஆட்டர் +ஐ' என்றால் கல். '+ஏ' என்றால் சேர்க்க மட்டும். கழித்தல் குறி போட்டால் கொடி இறங்கும். எழுதச் சுலபம்தான். ஆனால் இங்கே யூ, எஸ் என்ற பாகப்பிரிவினை கிடையாது. ஐ, ஏ இரண்டையும் போடவும் எடுக்கவும் தனி அதிகாரம் வேண்டும். நடைமுறையில் ரூட்தான். ஒரு சாதாரண மாணவன் தன் புராஜெக்ட் அறிக்கையைத் தன் கையிலிருந்தே காப்பாற்றிக்கொள்ள நினைத்தால் பிஎஸ்டியில் முடியும், மேக்கில் முடியும், லினக்ஸில் சூடோ இல்லாமல் முடியாது. விடிய விடியத் தட்டச்சு செய்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் ஆர்எம் அடிப்பவன் ரூட் அல்ல, அந்த மாணவன்தான். அவனுக்கு வேண்டிய பூட்டை அவனிடமே கொடுக்காமல் வைத்திருப்பது என்ன நியாயம்?

மறுபக்கம், ரூட்டைக் கட்டிப்போடும் ஏணியும் அங்கே சரியாக இல்லை. கொடி எடுக்கும் அந்தத் தனி அதிகாரத்தை மட்டும் பறித்துவிட்டு ஒரு சேவையை ஓட்டலாம், வசதி இருக்கிறது. ஆனால் பிஎஸ்டி மாதிரி ஒரே எண்ணை ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிற எளிமை இல்லை.

இன்னொரு விசேஷம் கேளுங்கள். சிஎச்ஆட்டர் கட்டளைக்கு எஸ் என்றும் ஒரு கொடி உண்டு. கோப்பை அழித்தால் அதன் தடமே இல்லாமல் பூஜ்யத்தால் நிரப்பி அழிக்கவேண்டும் என்று அர்த்தம். யூ என்றால், அழித்தாலும் மீட்கிற மாதிரி உள்ளடக்கத்தைக் காத்து வைக்கவேண்டும். சி என்றால் சுருக்கி வைக்கவேண்டும். மூன்றும் கேட்க அமர்க்களம். ஆனால் இஎக்ஸ்டி2, இஎக்ஸ்டி3, இஎக்ஸ்டி4 எதுவும் இந்த மூன்றையும் மதிப்பதில்லை என்று அந்தக் கட்டளையின் கையேட்டிலேயே, கடைசியில், பிழைகள் என்ற தலைப்புக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறார்கள். கொடியைப் போடலாம், எல்எஸ்ஆட்டர் காட்டும், ஒன்றும் நடக்காது! 'பாதுகாப்பாக அழி' என்று கொடி போட்டுவிட்டு, நிஜமாகவே அழிந்தது என்று நம்பி டிஸ்க்கை விற்றவன் நிலைமை என்ன? வேலை செய்யாத பூட்டைவிட வேலை செய்யாத பூட்டைக் கதவில் தொங்கவிட்டு வைப்பது ஆபத்து. ஒன்று மதிக்க வேண்டும், இல்லாவிட்டால் கொடியைப் போடும்போதே 'இங்கே இது செல்லாது' என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். கையேட்டின் கடைசிப் பத்தியை யார் படிக்கிறார்கள்?

கொடியைத் தப்பாகப் பயன்படுத்துவதும் நடக்கிறது. டிஎன்எஸ் முகவரி எழுதும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பை நெட்வொர்க் மேனேஜர் அடிக்கடி மாற்றி எழுதிவிடும். அதற்கு இணையத்தில் கிடைக்கும் பிரபலமான வைத்தியம் '+ஐ போட்டுவிடு'. வேலை செய்யும், சந்தேகமே இல்லை. ஆறு மாதம் கழித்து வேறொருவர் அந்த இயந்திரத்துக்கு வருவார், சூடோ போட்டும் கோப்பை மாற்ற முடியாமல் முட்டிக்கொள்வார். எல்எஸ் -எல் கட்டளை கொடியைக் காட்டாதே! நெட்வொர்க் மேனேஜரிடம் 'இதைத் தொடாதே' என்று சொல்லத் தனி அமைப்பு இருக்கும்போது கொடியால் அடித்து உட்காரவைப்பது சோம்பேறித்தனம். திருடர்களும் இதே கொடியைப் பயன்படுத்துகிறார்கள் என்பது இன்னொரு வேடிக்கை. சர்வருக்குள் நுழைந்து கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலை வைப்பவர்கள், தங்கள் கிரான் கோப்புக்கு +ஐ போட்டுவிட்டுப் போகிறார்கள், நிர்வாகி அழிக்க முடியாமல் திணறட்டும் என்று. சிலர் சிஎச்ஆட்டர் நிரலையே அழித்துவிட்டுப் போகிறார்கள். பூட்டைப் போட்டுவிட்டுச் சாவிக்கடையையும் கொளுத்திவிடுகிற ரகம் :-))

பிஎஸ்டியும் குறையில்லாத தங்கம் அல்ல. ஓப்பன்பிஎஸ்டி இயல்பாகவே செக்யூர்லெவல் 1-இல் ஓடுகிறது. ஃப்ரீபிஎஸ்டியோ -1 என்ற எண்ணோடு வருகிறது. 'நிரந்தரமாகப் பாதுகாப்பற்ற நிலை' என்று அதன் கையேடே அதற்குப் பெயர் வைத்திருக்கிறது. ஆக எஸ்சிஎச்ஜி கொடி ஏறிய கோப்புகள் அங்கே இருந்தாலும், ரூட் ஒரே வரியில் இறக்கிவிடலாம். இறக்கவும் செய்கிறார்கள். இயங்குதளத்தை மூலநிரலிலிருந்து கட்டுகிறவர்களும், பழைய ஜெயிலை அழிக்கிறவர்களும் முதலில் 'சிஎச்ஃபிளாக்ஸ் -ஆர் நோஎஸ்சிஎச்ஜி' என்று மந்திரம் போலச் சொல்லிவிட்டுத்தான் ஆர்எம் பக்கம் போவார்கள். எண்ணை ஏற்றி வைத்தாலும், இயந்திரம் தொடங்கும்போது ஓடும் எல்லா ஸ்கிரிப்ட்களுக்கும் கொடி போடாவிட்டால் வந்தவன் அவற்றில் ஒன்றை மாற்றிவிட்டு அடுத்த ரீபூட்டுக்குக் காத்திருப்பான். எல்லாவற்றுக்கும் போட்டால் மென்பொருளைப் புதுப்பிப்பது தலைவலி. பதிவுக் கோப்புக்கு '+ஏ' போட்டால் லாக்ரொட்டேட் தடுமாறும், ஏனென்றால் சேர்க்க மட்டும் விடும் கோப்புக்குப் பெயர் மாற்றவும் முடியாது. இதெல்லாம் உண்மை. ஆனால் பேரேட்டில் ஒயிட்னர் தடவ விடாததும் தலைவலிதான். அதற்காக யாரும் விதியை மாற்றவில்லையே.

இந்தியாவில் இப்போது இதைச் சட்டமே கேட்கிறது. கம்பெனிகள் கணக்கு விதிகளில் 2021 மார்ச்சில் ஒரு திருத்தம் வந்தது. இரண்டு முறை தள்ளிப்போய் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கம்பெனிகள் வைத்திருக்கும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஆடிட் டிரெயில் இருக்க வேண்டும், ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்த வசதியை அணைத்துவைக்க முடியாதபடி இருக்க வேண்டும். 'அணைக்க முடியாதபடி'. இந்த ஒரு சொல்லைப் படிக்கும்போது செக்யூர்லெவல் ஞாபகத்துக்கு வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் சட்டம் பேசுவது மென்பொருளைப் பற்றி. மென்பொருளுக்குக் கீழே தரவுத்தளம் இருக்கிறது, தரவுத்தளத்துக்குக் கீழே கோப்பு இருக்கிறது, கோப்புக்கு மேல் ரூட் இருக்கிறார். மேலே ஆடிட் டிரெயில் ஓடிக்கொண்டிருக்க, கீழே நிர்வாகி நேராக அட்டவணையில் கை வைத்தால்? தணிக்கையாளர்கள் இதைக் கவனிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். தரவுத்தள மட்டத்தில் ஆடிட் டிரெயில் இயக்கப்படவில்லை என்ற வாசகம் பல கம்பெனிகளின் அறிக்கைகளில் வந்திருக்கிறது.

சூப்பர் யூசர் எத்தனை பெரிய ஓட்டை என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதி, கணக்கை ஊதிப் பெருக்கியதை ஒப்புக்கொண்டார். பிறகு நடந்த விசாரணையில் வெளிவந்த ஒரு விவரத்தைக் காமர்ஸ் மாணவர்கள் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பொய் இன்வாய்ஸ்கள் அந்த நிறுவனத்தின் இன்வாய்ஸ் மென்பொருளுக்குள்ளேயே, சூப்பர் யூசர் வழியாக நுழைந்து உருவாக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு 'எஸ்' என்று ஓர் அடையாளம். அந்த அடையாளம் இருந்தால் மற்ற ஊழியர்களின் திரையில் அந்த இன்வாய்ஸ் தெரியாது, விற்பனைத் தொகையில் மட்டும் சேரும். அதுவும் ஒரு கொடிதான்! பூட்டுவதற்கு இருக்க வேண்டிய கொடி, மறைப்பதற்குப் போயிருக்கிறது.

மறைக்கிற கொடி என்றதும் ஆப்பிள் ஞாபகம் வருகிறது. மேக்கில் 'ஹிட்டன்' என்று ஒரு கொடி உண்டு. 2011-இல் லயன் பதிப்பில் பயனரின் லைப்ரரி அடைவை அதை வைத்துத்தான் மறைத்தார்கள். 'சிஎச்ஃபிளாக்ஸ் நோஹிட்டன்' அடித்தால் தெரியும். முனையத்தில் எல்எஸ் அடித்தால் எப்போதுமே தெரியும். அதில் காப்பு ஒன்றும் இல்லை, குழந்தைக்கு மருந்து பாட்டிலை அலமாரி மேல்தட்டில் வைக்கிற கதை. ஆனால் அதே ஆப்பிள் 2015-இல் எல் கேப்பிடான் பதிப்பில் செய்ததைப் பாராட்ட வேண்டும். கணினியின் முக்கியமான கோப்புகளுக்கு 'ரெஸ்ட்ரிக்டெட்' என்ற கொடி. ரூட்டாலும் மாற்ற முடியாது. அந்தக் காப்பை நிறுத்த வேண்டுமானால் மீட்பு நிலைக்குப் போய் இயந்திரத்தைத் தொடங்க வேண்டும். 'என் கணினியில் எனக்கே தடையா?' என்ற கேள்வி எழுந்தது. எழட்டும். 4.4 பிஎஸ்டியின் பழைய யோசனைதான், ஆனால் அங்கே ஆள் போட்டால்தான் உண்டு, இங்கே பெட்டியைத் திறக்கும்போதே போட்டிருக்கிறது. மாற்றம் அவ்வளவுதான், பலன் எத்தனை கோடிப் பேருக்கு!

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கணக்கு மென்பொருளின் தரவுத்தளக் கோப்புக்கு நேராக இந்தக் கொடியைப் போட முடியாது. தரவுத்தளம் தன் பக்கங்களை இருந்த இடத்திலேயே மாற்றி எழுதும், கொடி போட்டால் மறுநிமிஷம் நின்றுவிடும். ஆனால் தரவுத்தளம் எழுதித் தள்ளும் தணிக்கைப் பதிவுக் கோப்புக்குப் போடலாம். தினமும் இரவில் எடுக்கும் நகலுக்குப் போடலாம். ஆண்டு முடிந்து கையெழுத்தான அறிக்கைகளுக்குப் போடலாம். அந்த இயந்திரத்தின் ரூட் கடவுச்சொல் கணக்குப் பிரிவின் கையில் இல்லாமல் பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. காசாளரும் கணக்கரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பது எத்தனை பழைய பாடம்!

கடைசியாக ஒரு எச்சரிக்கை, பரீட்சை நேரத்தில் உதவும். கொடி என்பது கோப்புக்குள் இருப்பது அல்ல, கோப்பு முறை தன் குறிப்பேட்டில் கோப்பின் பெயருக்கு எதிரே போட்டு வைத்திருக்கும் டிக். ஆகவே லினக்ஸில் சிபி கட்டளையால் நகலெடுத்தால் நகலுக்குக் கொடி வராது. பென் டிரைவில் போட்டு நண்பன் கணினிக்குக் கொண்டுபோனாலும் கொடி பழைய இடத்திலேயே நின்றுவிடும். அங்கே போய் எல்எஸ்ஆட்டர் அடித்துப் பார்த்தால் ஒரு வரிசைக் கோடுகள் வரும். இஎக்ஸ்டி4 என்றால் அந்தக் கோடுகளுக்கு நடுவே 'ஈ' என்று ஓர் எழுத்து மட்டும் உட்கார்ந்திருக்கும். அதற்கும் காவலுக்கும் சம்பந்தமில்லை, கோப்பு டிஸ்க்கில் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதற்கான குறி அது. காவல்காரன் வரவில்லை, ஈதான் ஓட்டிக்கொண்டிருக்கிறது :-)